காலையில் மட்டும் திணறும் கார்

என் வீட்டுக்காரருக்குக் கேள்வி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, பட்டறைக்கு வருகிறவர்கள் வைத்தது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் மனிதர் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பார். எப்போது திணறுகிறது, ஏற்றத்திலா சமதரையிலா, சூடானதும் சரியாகிறதா என்று துளைத்து எடுத்துவிடுவார். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கலப்பா" என்று எழுந்து போனவர்களும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக அதே பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நானும் இருக்கிறேன், அவர் குத்துமதிப்பாக ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றி நான் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரையே தண்ணீர் குடிக்க வைத்தது டீச்சரின் கார்.

டீச்சர் என்றால் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவர் கணவர் போஸ்ட்மேன். ஆயுசு முழுக்க ஊரை நடந்தே அளந்தவர், ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாக ஒரு பழைய காரை வாங்கினார். ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். எட்டு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. டீச்சர் அறுபத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, வாரம் மூன்று நாள் காலையில் அவரை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப் போனார்.

அந்தக் கார்தான் காலையில் திணறியது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல், உடம்பெல்லாம் உதறி உதறி ஓடும். இவர் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், ஒயர்களைச் சோதித்தார். பட்டறையில் சமர்த்தாக ஓடும். மறுநாள் காலை டீச்சர் வீட்டில் பழைய குருடி கதவைத் திறடி.

மூன்றாவது முறை வந்தபோது டீச்சர் ஸ்டூலில் உட்காரவில்லை.

"நேத்து சிக்னல்ல நடு ரோட்டுல நின்னு போச்சு தம்பி. பின்னால லாரி. அவர் பயந்து என் கையப் புடிச்சுக்கிட்டாரு. போதும்பா. சனிக்கிழம ஒருத்தர் வந்து வெலைக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு."

"சாருக்குத் தெரியுமா டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "எப்படிம்மா சொல்றது? மனுஷன் கட்டில விட்டு எறங்குறதே இந்த வண்டிக்காகத்தான்."

டீச்சர் போனதும் இவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"ஏங்க, ஊர்ப்பட்ட கேள்வி கேட்டீங்களே, எறங்கி வந்து சார் வண்டிகிட்ட என்ன பண்றாருன்னு கேட்டீங்களா?"

"அது வண்டிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"ஆமாமா. வீட்டுல உக்காந்து வண்டி தானா கெட்டுப் போகுது பாருங்க!"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம். கார் கொட்டகையில் இருந்தது. அதன் முன்னால் நாற்காலியில் போஸ்ட்மேன் சார், இடது கையில் தண்ணீர்க் குழாய், வலது கையில் துணி. அந்த வலது கை ஒரு சாண் நகர்வதற்குள் அவருக்கு நெற்றி வியர்த்தது. ஆனாலும் நகர்ந்தது. பானெட் திறந்திருக்க, இஞ்சின்மேலும் தண்ணீர் விட்டு நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் பெருமையாகச் சொன்னார். "நாற்காலிய விட்டு நகர முடியாதில்ல, முன்பக்கம் மட்டும்தான் எட்டும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போச்சுன்னா முகம் வாடிடும். அதான் பானெட்டயும் தெறந்து விடுறேன். உள்ள தொடைக்க எவ்வளவோ இருக்கே! மூணு மாசமா இப்படித்தான். டாக்டரே அசந்து போயிட்டாரு, கை எப்படிம்மா இவ்வளவு அசையுதுன்னு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். சொல்லித் தொலைக்காதீர்கள் என்று கண்ணாலேயே மிரட்டினேன். கேட்டால்தானே!

டீச்சரிடம் சாவி போடச் சொன்னார். கார் உதறியது. நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்மேல் குனிந்தார். அதன் மூடியில் நீலமாக ஒரு பொறி ஊர்ந்து கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு மூடியைக் கழற்றித் துடைத்து, வழக்கம்போல் வண்டிக்குரியவரிடமே, சாரிடமே நீட்டினார். பழுதான சாமானை உரியவரிடம் காட்டாமல் அவர் ஒருநாளும் தூக்கிப் போட்டதில்லை.

"தலைமயிர் மாதிரி ஒரு விரிசல் இருக்கு பாருங்க சார். தண்ணி அதுல எறங்கினா மின்சாரம் அது வழியா ஓடிடுது, ஒரு பிளக்குக்குப் போறதில்ல. பட்டறைக்கு வந்து சேர்றதுக்குள்ள சூட்டுல காஞ்சிடுது. அதான் எங்கிட்ட சிக்கல."

போஸ்ட்மேன் சார் விரிசலைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சார் துணியை மெதுவாகத் தரையில் போட்டுவிட்டு, வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, நான்தானே தெறந்து விட்டேன்" என்றார் டீச்சர்.

இவரை அங்கேயே நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது. இவரோ, "கட திறந்ததும் புது மூடி வாங்கிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிப் போய்விட்டார். டீச்சர் இரண்டு முறை துணியை எடுத்து நீட்டினார். சார் தொடவே இல்லை. போன கை போனதுதானோ என்று பயந்தேன்.

ஒன்பதரைக்கு இவர் வந்தார். புது மூடியைப் பொருத்தி, ஒயர்களின் ரப்பர் உறைகளில் கிரீஸ் தடவி இறுக்கினார். பிறகு குழாயை எடுத்து நீட்டினார்.

"ஊத்துங்க சார்."

சார் தலையை ஆட்டி மறுத்தார்.

இவர் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சார், ஒரே ஒரு கேள்வி. மழையில தபால் எடுத்துட்டுப் போயிருப்பீங்க. பை கிழிஞ்சிருந்து கடுதாசி நனைஞ்சு போச்சுன்னா, தப்பு மழை மேலயா, பை மேலயா?"

சார் அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். உதடு கோணியது, நடுங்கியது.

"பை" என்றார்.

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் சொல்.

"அவ்வளவுதான் சார். நீங்க கழுவலன்னா இந்த விரிசல் தெரிஞ்சே இருக்காது. ஒரு நாள் பெருமழையில நடுவழியில நின்னிருப்பீங்க. வண்டி ஓடுறப்போ மட்டும் தண்ணி வேணாம். நிறுத்திட்டு தெனமும் கழுவுங்க. திணறினா என்னைக் கேளுங்க."

சார் குழாயை வாங்கினார். நான் துணியை எடுத்து உதறிக் கொடுத்தேன். இடது கை தண்ணீர் விட்டது, வலது கை நகர்ந்தது. அவர் துடைத்து முடித்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாவி போட்டார். உதறல் இல்லை, திணறல் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கேள்வியைக் கட்டிக்கொண்டதற்காக அன்று நான் சந்தோஷப்பட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும்.

டீச்சர் அங்கேயே நின்று சனிக்கிழமைக்காரருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வரவேணாம் தம்பி. இல்ல, வண்டி விக்கல. வீட்டுக்காரருக்கு இதுல வேலை இருக்கு."