சிஞ்ஞோராவின் ஆமைக்குக் கீரை

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு பேனை பிடித்ததெல்லாம் கையொப்பம் வைக்கத்தான். எழுத்துப் பிழைகளை வாசிக்கிறவர்களே திருத்திக்கொள்ளவும். இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் என்னோடு இருக்கிற அண்ணை இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்கிறார். ஒவ்வொரு தரமும் ஆமை பெரிதாகிறது, நான் சிறிதாகிறேன். கடைசியாக ஒரு பிறந்தநாள் வீட்டில் சொன்னபோது நான் அழுதேன் என்றும் சேர்த்துவிட்டார். நான் அழவில்லை.

அப்போது நான் இங்கே பலெர்மோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிக்கார அம்மாவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவருடைய காலஞ்சென்ற கணவர் வளர்த்த ஆமை ஒன்று முற்றத்து எலுமிச்சைக்குக் கீழே இருந்தது. குளிர் தொடங்கினால் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். அந்த வருடம் அதற்கு மூக்கால் நீர் வடிந்து மெலிந்துபோயிற்று. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, இந்த முறை தூங்கவிட்டால் பிறகு எழும்பாது, சூடான இடத்தில் வைத்துக் குளிர்காலம் முழுக்கப் பச்சை இலை கொடுக்க வேண்டும் என்றார். சிஞ்ஞோராவோ மகளின் பிரசவத்துக்காக வடக்கே புறப்பட்டு நின்றார்.

"உனக்கு ஆமையைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டார்.

"சி, சிஞ்ஞோரா" என்றேன். ஓம் என்று அர்த்தம்.

பொய் இல்லை. நான் மன்னார்க் கரையில் பிறந்தவன். கடலாமையை மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் என்ன ருசி என்பதுவரை தெரியும். உயிரோடிருக்கிற ஆமைக்கு என்ன பிடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் யோசித்ததில்லை. இதை இத்தாலியனில் விளக்க எனக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. யார் எதைக் கேட்டாலும் "சி" சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வருந்துவதுதான் என் வழக்கம்.

சிஞ்ஞோரா அதன் ஓட்டை ஒருமுறை தடவினார். "அவர் தன் கையால் வளர்த்ததில் மிச்சம் இது மட்டும்தான்" என்று சொல்லிப் பெட்டியோடு என்னிடம் தந்தார்.

அல்பெர்கேரியா என்கிற பழைய பகுதியில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அண்ணை யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், வயதில் மூத்தவர். மற்றவன் என் ஊர்க்காரன், என்னைப்போல வேதக்காரன். எங்களுக்குள் மச்சான் முறை. பெட்டியை முதலில் திறந்து பார்த்தவன் அவன்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"கறிக்கோ மச்சான்?"

"இல்லையடா, வளர்க்க."

அண்ணை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையிலிருந்த அகப்பையோடு இரண்டடி பின்னால் போனார்.

"உனக்கு விசரே தம்பி? ஆமையை ஆரும் வீட்டுக்கை கொண்டு வாறவங்களே? குடி அழிஞ்சு போகுமடா!"

"அண்ணை, இது இத்தாலி ஆமை."

"எந்த நாட்டு ஆமையெண்டால் என்ன? நாளைக்கு விடிய இது இஞ்சை இருக்கக்கூடாது."

நான் பெட்டியைத் தூக்கி என் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன். துணிவென்று நினைக்க வேண்டாம், வேறு போக்கிடம் இல்லை. விடிந்தபோதும் ஆமை என் கட்டிலுக்குப் பக்கத்தில், ஹீட்டர் அருகில்தான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அது பொறுப்பேற்றது. சோறு பாதி வேகும்போது காஸ் முடிந்தது ஆமையால். கூரை ஒழுகியது ஆமையால். அண்ணை பஸ்ஸைத் தவறவிட்டதும் ஆமையால்தான். இத்தனைக்கும் அவர் ஆமைக்கு முந்தியே கிழமைக்கு இரண்டு பஸ்ஸைத் தவறவிடுகிறவர்.

ஆனால் உண்மையான கவலை வேறு. ஆமை தின்னவில்லை. தினமும் பல்லரோ சந்தைக்குப் போய் நல்ல சலாது இலையாகப் பார்த்து வாங்கிவந்தேன். கீரை விற்கிற பெண் கேட்டாள், "வீட்டில் முயல் வளர்க்கிறாயா?"

"சி."

"நத்தாருக்கு வெட்டத்தானே?"

"சி."

அதற்குப் பிறகு போகிற நேரமெல்லாம் முயல் கறிக்கு வினாகிரி எவ்வளவு, சீனி எவ்வளவு என்று அவள் பாடம் எடுத்தாள். நான் தலையாட்டிக் கேட்டேன். ஆமையோ சலாதைப் பார்ப்பதும் தலையை உள்ளே இழுப்பதுமாக இருந்தது. முட்டைக்கோவா இலை வைத்தேன். பசளி வைத்தேன். கழுத்துத் தோல் தொங்கத் தொடங்கிவிட்டது. சிஞ்ஞோரா வந்து வெறும் ஓட்டைக் கையில் வாங்குவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் தின்றுகாட்டித்தானே தீத்துகிறோம்? ஒருநாள் அப்படியே செய்தேன். முழங்காலில் நின்று, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, சிக்கோரியா என்கிற கைப்பு இலை ஒன்றை வாயில் வைத்துச் சப்பி, "நல்லாயிருக்கு, பார்" என்று ஆமையிடம் சொன்னேன். தலையைத் திருப்பினால் வாசலில் அண்ணை.

"என்னடாப்பா செய்யிறாய்?"

"அது தின்னுதில்லை அண்ணை."

"அதுக்கு நீ தின்னுறியோ?"

கைப்பில் என் கண்ணால் தண்ணீர் வந்தது உண்மை. அதைத்தான் அவர் அழுகை என்கிறார். அவர் சிரிக்கவில்லை. குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"செத்துப்போகுமோ?"

"தின்னாட்டிச் செத்துப்போகும்."

"இஞ்சையோ? இந்த வீட்டுக்கையோ?" அண்ணையின் முகம் மாறியது. "சும்மா வந்ததுக்கே காஸ் முடிஞ்சுது. செத்தால் ஆர் தாங்கிறது? அதைச் சாக விடாதை, சொல்லிப்போட்டன்!"

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தவர் கோட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு பிடி களையை எடுத்துப் போட்டார். அவர் கூட்டித் துடைக்கிற மாடி வீட்டு முற்றத்துச் சுவரில் முளைத்தது. நாங்கள் பிடுங்கி எறிகிற, மஞ்சள் பூப் பூக்கிற பூண்டு. "சிஞ்ஞோராவின்ரை ஆமை கடைச் சாமானோ தின்னும்? முற்றத்திலை மேயிற சாதியடா அது" என்றார். ஆமை கழுத்தை நீட்டியது. முதலில் பூவைக் கடித்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அது சப்பிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதன் பிறகு அண்ணையின் கோட்டுப் பொக்கற் ஒருநாளும் காய்ந்ததில்லை. மழையிலும் பிடுங்கிவருவார். "வீட்டிலை சாவு விழக்கூடாது, அதுதான்" என்று ஒவ்வொரு தரமும் சொல்லிக்கொள்வார். அவர் இல்லாத நேரம் நான் வைக்கிற அதே இலையை ஆமை யோசித்துத்தான் தின்னும்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் கிழமை சிஞ்ஞோரா வந்தார். ஆமையைத் தூக்கிப் பார்த்து, பாரம் கூடியிருக்கிறதே என்றார். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு, "உனக்கு உண்மையிலேயே ஆமையைத் தெரியும்" என்றார்.

"சி" என்றேன்.

அன்று பின்னேரம் அண்ணை வழக்கம்போலப் பொக்கற்றில் கை விட்டபடி வந்தார். ஹீட்டர் மூலை வெறுமையாக இருந்தது.

"கொண்டுபோய்க் குடுத்திட்டியோ?"

"ஓம் அண்ணை."

"நல்லது. சனி துலைஞ்சுது."

கையிலிருந்த களையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு குசினிக்குப் போய் அதைக் கழுவி, அரிந்து, வெங்காயம் போட்டு வறை வறுத்தார். மூன்று பேரும் சோற்றோடு தின்றோம். கைப்பென்றால் அப்படி ஒரு கைப்பு. ஒருவரும் சொல்லவில்லை.

பலெர்மோ, 7 பெப்ரவரி 1999, ஞாயிறு.