எல்லம்மா "கதைத்த" உண்மை: சங்கரன்கோவிலில் ஒரு பகல்

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், தபசுத் திருவிழா பார்க்கத்தான் சங்கரன்கோவில் போனேன். திருநெல்வேலியிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறரைக்கு பஸ், எட்டேகாலுக்கு இறக்கிவிட்டார்கள். டிக்கெட் ஐந்து ரூபாய்க்குள்தான். தபசு வாரத்தில் போகிறவர்கள் உட்கார இடம் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம்.

கும்பிட்டுவிட்டு டீ குடிக்கும்போது மைதீன் பாய் பழக்கமானார். கடையநல்லூர் துணி வியாபாரி. "இலங்கையில சண்டைன்னு ஓடி வந்த சனங்க ஊருக்கு வெளிய முகாம்ல இருக்காவ. இடுப்புல கட்ட சாரம் கொடுக்கப் போறேன், வாரீயளா?" என்றார். இரண்டு கிலோமீட்டர் நடை. போனேன்.

கீற்றுக் கொட்டகை வாசலில் மேசை போட்டு ஒரு குமாஸ்தா பெயர் பதிந்துகொண்டிருந்தார். பதிந்தால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் அரிசி. வரிசையில் எல்லம்மா, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள். மட்டக்களப்புப் பக்கத்துக் குறவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், பிழைப்புக்குப் பாம்பாட்டம். கழுத்துப் பாசிமணியைப் பார்த்ததுமே குமாஸ்தா முடிவு கட்டிவிட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல ஊசி பாசி விக்க ஆளுதான நீங்க? அகதின்னு பொய்யா சொல்லுத?"

"இல்ல ஐயா, நாங்க உண்மையத்தான் கதைக்கிறம்."

"பாத்தீயளா, கதைன்னு அவளே ஒத்துக்கிட்டா!" என்று நோட்டை மூடினார். வரிசையில் சிரிப்பு. பிள்ளைகள் முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

பாய்க்குப் பேச்சு வந்தது. "சார், அங்கன பேசுததுக்குப் பேரே கதைக்கதுதான். கொழும்புல பன்னெண்டு வருசம் கடையில நின்னவன் சொல்லுதேன். நம்மூர்க் குறத்தி வாயில அந்தச் சொல்லு வருமா?"

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான்கு பெயரையும் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுப் பழகாதவர், அவ்வளவுதான்.

அட்டை கிடைத்தது, அரிசியும் கிடைத்தது. இடம் மட்டும் கடைசிக் கொட்டகைக்கும் அப்பால், வேலியோரம். அதே படகில் வந்தவர்களே பக்கத்தில் குறவர் வேண்டாம் என்றார்களாம். குண்டுக்குப் பயந்து ஓடி வந்த இடத்திலும் இந்தப் புத்தி நம்மை விடவில்லை.

"வேற என்ன வேணும்?" என்று எல்லம்மாவிடம் கேட்டேன். சேலை என்பாள் என்று நினைத்தேன்.

"பைப்பில தண்ணி எடுக்க விடமாட்டாங்க. கொஞ்ச நேரம் வந்து நிப்பீங்களா?"

போய் நின்றேன். குழாயடியில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வழிவிட்டார்கள். அவள் அவசரமே இல்லாமல் குடத்தைக் கழுவி, நிறைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இப்படி ஒரு முகாமுக்குப் போகிறவர்களுக்கு: துணி, சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் உதவும். ஆனால் கொடுக்கும் முன் என்ன வேண்டும் என்று கேளுங்கள். கையில் நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். நான் நாலரை பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். ஒரு குடம் எத்தனை வேளைக்கு வரும் என்று பஸ் பாதி வழி தாண்டிய பிறகுதான் யோசித்தேன்.