மகாராணி அருகில் இருக்கிறார்

தயவுசெய்து இதை நம் இன்டர்நெட் குழுவுக்கு வெளியே யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் இனி நான் கம்ப்யூட்டர் பக்கமே போக முடியாது.

சாயங்காலம் என் தோழி ஷாலினி அடையாறிலிருந்து தன் அக்காவின் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பை அதற்கு எதிரே வைத்தேன். இரண்டின் இன்ஃப்ராரெட் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால், ஒயரே இல்லாமல் கேம் அதிலிருந்து இதற்கு வரும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, ரெண்டும் சம்பந்தம் பேசறதா?"

சொல்லிக்கொண்டே காபியை நடுவில் நீட்டினாள். இணைப்பு போய்விட்டது.

"குறுக்கே வராதேம்மா!"

"ஏன், நான் என்ன பூனையா? அப்பா வர்றதுக்குள்ள எடுத்து வை."

கேம் வந்தது. அப்பாவின் லேப்டாப்பை அவர் பையில் வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் நினைவு வந்தது. இணைக்கும்போது அப்பாவின் லேப்டாப்புக்கு ஒரு பெயர் கேட்டது. "மகாராணி" என்று வைத்தேன். மாற்றவில்லை.

நாளை மேனேஜரின் லேப்டாப்புக்கு எதிரே அப்பா அதைத் திறப்பார். மேனேஜரின் திரையில் "மகாராணி அருகில் இருக்கிறார்" என்று வரும்.

பையோ அப்பாவின் அறையில். நான் என் அறையில், வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாராவது சீக்கிரம் ஒரு வழி சொல்லுங்களேன்.

ஐயோ, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா குரல்.

"மகாராணி, கொஞ்சம் கதவைத் திறக்கறேளா?"