அக்கா மறந்துபோன பாட்டுகள்

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் பல்செட் செய்யும் லேபில் வேலை கிடைத்தது. டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு அங்கே வரும். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்து, மெழுகு வைத்துப் பல் பதிப்பது அவள் வேலை. பிளாஸ்டருக்குள் கடுகளவு காற்றுக்குமிழி நின்றுவிட்டாலும் செட் வாயில் உட்காராது. குமிழி பார்ப்பதற்கென்று பேனா அளவில் ஒரு டார்ச் சட்டைப் பையிலேயே இருக்கும். வாரம் முழுக்க ஊரார் பல்லோடு மாரடிப்பவள், சனிக்கிழமை மட்டும் நாலு மணி அடித்ததும் எழுந்துவிடுவாள். கை கழுவக்கூடப் பொறுமை இருக்காது. நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியபடியே கிளம்புவாள்.

போவது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய சிமெண்ட் கிடங்குக்கு. ஐந்து பேர் சேர்ந்து அங்கே சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்கு வாசிப்பார்கள். சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு. பாடகரை எல்லோரும் நெட்டை என்பார்கள். பேஸ் கிட்டார் வாசித்தவர் மேடையில் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் அவர் மௌனி. ஜன்னலே இல்லாத கூடம். டிரம் அடித்தால் கூரைத் தகரத்திலிருந்து பழைய சிமெண்ட் தூசி தலையில் கொட்டும். எண்பது பேர் நின்றாலே மூச்சு முட்டும் இடத்தில் நூற்றிருபது பேர் நிற்பார்கள்.

"தனியா அனுப்ப மாட்டேன். தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா போ" என்று அப்பா சொல்லிவிட்டதால், பதிமூன்று வயதில் நான் அவளுக்குத் துணை. முதல் நாள் சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் அக்கா லேபிலிருந்து பஞ்சுச் சுருள் கொண்டுவந்தாள். பல் பிடுங்கிய இடத்தில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, அது. என் இரண்டு காதிலும் திணித்துவிட்டாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. இடதுபக்க ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளி, சுவரில் முதுகு சாய்த்து நிற்பாள். ஆடமாட்டாள், கத்தமாட்டாள். உதடு மட்டும் அசையும். வீட்டில் யாரும் ஏவுமுன் எழுந்து வேலை செய்கிற அக்கா அங்கே இரண்டு மணிநேரம் யாருக்காகவும் அசையமாட்டாள். அந்த முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் போனோம். எனக்கு அம்மை போட்டிருந்த இரண்டு வாரம் தவிர ஒன்றையும் விட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. கும்மிருட்டு. கூட்டம் கதவைப் பார்த்து நெருக்கத் தொடங்கியது. என் காலை யாரோ மிதித்தார்கள். அக்கா ஒரு காலி மரப்பெட்டியைக் காலால் இழுத்து, அதன்மேல் ஏறி, டார்ச்சை எடுத்து நெட்டையின் முகத்தில் அடித்தாள். வேறெங்கும் வெளிச்சம் இல்லாததால் எல்லோரும் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள். நெட்டை கண்ணைச் சுருக்கினார். பிறகு மைக் இல்லாமலே பாட ஆரம்பித்தார். டிரம்ஸ்காரர் தொடையில் தாளம் தட்டினார். நெருக்கியவர்கள் அப்படியப்படியே நின்றுவிட்டார்கள். நாலு பாட்டு. நான் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கை வலிக்கத் தொடங்கியதும் இடது கைக்கு மாற்றினாள். கரண்ட் திரும்ப வந்தபோது, அதற்குள் ஏன் வந்தது என்பதுபோலக் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மௌனி அக்காவைப் பார்த்து ஒரே ஒருமுறை தலையசைத்தார்.

அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் அத்தான் வந்தார்.

டைல்ஸ் கடையில் விற்பனையாளராக இருந்தார். நண்பன் இழுத்துவந்தானாம். கதவோரம் நின்று, பாட்டைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வந்தார். மொத்தம் மூன்று. எனக்கு நன்றாகத் தெரியும், மூன்று தடவையும் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் தடவை பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம், "உங்களை மாதிரி பாட்டு கேக்குறவங்கள நான் பார்த்ததே இல்லங்க" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். பாட்டு கேட்பதைப் புரிந்துகொண்ட ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று நினைத்தாள். அப்பாவுக்கும் மறுக்கக் காரணம் இல்லை. அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது.

கல்யாணமான முதல் சனிக்கிழமை லேபிலிருந்து நாலு மணிக்கே வந்து நின்றாள்.

"கிளம்பலாமா?"

"எங்க?"

"கிடங்குக்கு."

"அதெல்லாம் கல்யாணத்துக்கு முந்திம்மா" என்றார் அத்தான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

வேலைக்குப் போக விட்டார். அதைப் பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். மகன் பிறந்தான், மகள் பிறந்தாள். பாட்டுக்குப் போகமுடியாதவள், போன கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து சொல்வாள். பஞ்சுச் சுருள் கதை, டார்ச் கதை, கிட்டார் கம்பி அறுந்த கதை, நெட்டைக்குத் தொண்டை கட்டிய நாளில் கூட்டமே பாடி முடித்த கதை. அவர் டிவியைப் பார்த்தபடி "ம்" போடுவார். சில நாள் "ம்"கூட வராது. "மறுபடியும் கிடங்கா? எத்தனை நாள்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். ஏழெட்டு வருஷத்தில் சொல்வதும் நின்றுபோனது.

அதற்குள் அந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். கிடங்கை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். நெட்டை செத்த செய்தி பேப்பரில் நாலு வரியாக வந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அழுதாள். அன்று நான் அங்கே இருந்தேன். அத்தான் எட்டிப் பார்த்து, "யாரு செத்துட்டா? உங்க சொந்தமா?" என்று கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அத்தானுக்குப் பணி ஓய்வு. சும்மா இருக்கிறாரே என்று மகன் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தான். யாரோ இணையத்தில் கிடங்கின் பழைய போட்டோ ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே அத்தான், "நான் அங்கே இருந்தவன்" என்று எழுதினார். இது பொய்யில்லை. முன்னூறு பேர் விரும்பினார்கள், சொல்லுங்க ஐயா சொல்லுங்க என்று கேட்டார்கள். அவ்வளவுதான், வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது. 'கிடங்கு நாட்கள்' என்று பக்கம் தொடங்கி வாரம் ஒரு வீடியோ போட்டார்.

அக்காவுக்கு இது லேபில்தான் தெரிந்தது. கூட வேலை செய்கிற பெண் போனை நீட்டி, "அக்கா, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு அழகாப் பேசுறார் பாருங்க" என்றாள். கையுறையைக் கழற்றாமலே அக்கா பார்த்தாள். பல் பிடுங்கிய இடத்தில் வைக்கிற பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு போனதாக அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இடதுபக்க ஸ்பீக்கர், கூரைத் தூசி, எல்லாம் வந்தது. டார்ச்சும் வந்தது. அவர் பெட்டிமேல் ஏறினாராம். கை வலித்ததும் மாற்றிக்கொண்டாராம்.

"ஒரு வார்த்தை விடல டி" என்று அன்று போனில் என்னிடம் சொன்னாள். "நான் சொன்ன மாதிரியே சொல்றார். நான் எங்க நிறுத்துவேனோ அங்கயே நிறுத்துறார். இத்தனை வருஷம் காதுலயே வாங்கலன்னு நினைச்சேன். எல்லாத்தையும் வாங்கி வச்சிருந்திருக்கார்."

வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள்.

"டார்ச் நான்தானே பிடிச்சேன்?"

"யாரு இல்லன்னா? நீ வேற நான் வேறயா? கேக்குறவங்களுக்கு ஒரே ஆள் சொன்னாதான் கோர்வையா இருக்கும். இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிற."

அந்த வருஷமே பழைய பாட்டு ரசிகர்கள் சேர்ந்து நூலக மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் போட்டார்கள். அத்தான் பேச்சாளர். சிறப்பு விருந்தினர் மௌனி. அக்கா நல்ல உடுப்பு எடுத்து உடுத்திக்கொண்டாள், நானும் போனேன். மௌனி குறுகி, வழுக்கை விழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தான் டார்ச் கதையைச் சொன்னார். கூடம் மூச்சுவிடாமல் கேட்டது. முடித்ததும் மௌனி தானாக மைக்கை வாங்கினார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "இவர்தான். பெட்டிமேல ஏறி நின்னார். நான் இவரைப் பார்த்துத் தலையசைச்சேன்."

அந்தத் தலையசைப்பை அத்தான் எந்த வீடியோவிலும் சொன்னதில்லை. சொல்லியிருக்க முடியாது, அக்கா அதை அவரிடம் சொன்னதே இல்லை. ஆக மௌனிக்கு நடந்தது ஞாபகம் இருந்தது, ஆள்தான் மாறிவிட்டது.

டீ கொடுக்கும்போது அக்கா அவர் நாற்காலி அருகில் போய் நின்றாள். "சார், நான் சனிக்கிழமை தவறாம வருவேன். இடதுபக்கம், சுவர்ல சாஞ்சு நிப்பேன்" என்றாள்.

"அப்படியாம்மா?" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். "அந்த இடத்துக்கு அப்பல்லாம் பொண்ணுங்களே வரமாட்டாங்களே. யாரோட வருவீங்க?" அதற்குள் அத்தான் வந்து சேர்ந்தார். "என் வீட்டம்மா சார்" என்றார். மௌனி எழுந்து அக்காவைக் கும்பிட்டார். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல் சிவந்திருந்தது. ஏன் என்னைத் தடுத்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. நானும் அவள் பிடியை உதறிவிட்டுப் பேசவில்லை.

சொன்ன கதையையே எத்தனை வாரம் சொல்வது? அத்தானின் சரக்கு தீர்ந்தது. அப்போதுதான், முப்பது வருஷத்தில் முதல்முறையாக, சாப்பிடும்போது டிவியை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கம்பி அறுந்த கதை என்ன? முழுசாச் சொல்லேன்."

"ஞாபகம் இல்லீங்க."

"கீபோர்டுக்காரரு கல்யாணத்தன்னைக்கே வந்து வாசிச்சாருன்னு சொல்வியே?"

"அப்படியா சொன்னேன்? ஞாபகம் இல்லையே."

தினமும் கேட்டார். தினமும் இதே பதில். அவருக்கு அவள் பொய் சொல்வாள் என்று தோன்றவே இல்லை. மகனைக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு மறதி வந்துடுச்சுடா" என்றார். உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். தேதி கேட்டார், சொன்னாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார், தடுமாறாமல் கழித்தாள். "நல்லாத்தானே இருக்காங்க" என்றார் டாக்டர்.

"புதுசெல்லாம் நிக்குது டாக்டர். பழசுதான் போகுது" என்றார் அத்தான்.

"வழக்கமா தலைகீழால்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மகள் வந்து சமையலறை டப்பாக்களில் உப்பு, சர்க்கரை என்று சீட்டு ஒட்டினாள். மகன் லேப் முதலாளியிடம் போய், "அம்மாவைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். ஒருவர் பல் இன்னொருவர் வாய்க்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று முதலாளி பயந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு அச்சைக்கூட மாற்றி வைக்காதவளை ஒரு வெள்ளிக்கிழமையோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் அவளிடம் சண்டை போட்டேன். "ஒரே ஒரு கதையைச் சொல்லித் தொலைச்சிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்கும்ல?"

"ஒண்ணு சொன்னா அடுத்தது கேப்பார்" என்றாள். "வேலை போனா போகட்டும். வயசாச்சுன்னா எப்படியும் விட வேண்டியதுதான்."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அத்தான் வீடியோவில் அவளைப் பற்றியும் பேசுகிறார். "என் மனைவிக்கு எல்லாம் மறந்துக்கிட்டே வருது. அவளுக்கு ஏதாவது ஞாபகம் வராதான்னுதான் நான் இதையெல்லாம் பேசிட்டே இருக்கேன்." முன்பைவிட நிறையப் பேர் பார்க்கிறார்கள். அழுகிற முகங்களை அனுப்புகிறார்கள். போன வாரம் நான் போயிருந்தபோது அவளையே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். "கிடங்கு ஞாபகம் இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா போனை நேராகப் பார்த்து, "இல்லீங்க" என்றாள்.

அப்புறம் சமையலறைக்கு வந்தாள். நான் பாத்திரம் விளக்க, அவள் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, நாங்கள் போன இரண்டாவது சனிக்கிழமை என்னென்ன பாட்டு, எந்த வரிசை, எதில் டிரம்ஸ்காரர் குச்சியைத் தவறவிட்டார் என்று தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கே மறந்துபோனதெல்லாம் வந்தது. ஆறாவது பாட்டுக்கு வந்தபோது அத்தான் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். அக்கா நிறுத்தினாள்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"குழாய் ஒழுகுதுன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள் அக்கா.

அத்தான் குனிந்து குழாயைப் பார்த்தார். திருகிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. நிமிர்ந்து, அவளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.