மழை பார்க்கப் போன பாலம்

எங்கள் பக்கத்து ஃப்ளாட் அன்வர் பாய், லீவில் குடும்பத்தோடு இங்கிலாந்து போயிருக்கிறார். இன்று மதியம் வீடியோ காலில் வந்தார்.

கிராமத்து ஆறு. அதன் மேல் ராஜாக்கள் காலத்துக் கல் பாலம். இவர்கள் நின்றது பாலத்துக்குக் கீழே, வளைவுக்குள், தண்ணீர் ஓரமாக.

"மழை தம்பி. பாத்து எவ்வளவு நாளாச்சு."

துபாயில் நாலு துளி விழுந்தாலே காரை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓடும் இடம் தேடிப் போகிறவர்கள் நாம். எனக்குப் புரிந்தது.

அவர் மகள் செருப்பைக் கழற்றி ஒரு தட்டைக் கல்லில் வைத்திருந்தாள். பாய் பாலத்தின் பெருமையைச் சொல்லச் சொல்ல, நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கல் மறைந்தது. பிறகு ஒரு செருப்பு தானாக நகர்ந்தது. தண்ணீரில் சத்தமே இல்லை.

"பாய், உடனே மேல ஏறுங்க."

"எழுநூறு வருஷமா நிக்கிது தம்பி. பாதுகாக்கப்பட்ட பாலம்னு போர்டே வச்சிருக்கான்."

"பாலத்தத்தான் பாய் பாதுகாக்குறான். உங்கள இல்ல."

லைன் கட்டானது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

வெகு நேரம் கழித்து, மேட்டிலிருந்து எடுத்த போட்டோ ஒன்றை பில்டிங் குரூப்பில் போட்டார். பாலம் அப்படியே நின்றது. வளைவில் ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. மீதியெல்லாம் கரக் டீ நிறத்தில் தண்ணீர். கீழே "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதற்கு உடனே ஒரு பதில்: "சூப்பர் பாய். லொக்கேஷன் போடுங்க."

யார் கேட்டது என்று நான் சொல்லமாட்டேன். கமெண்டில் அவரே ஒப்புக்கொள்ளட்டும்.

அடுத்த வாரம் அவரும் குடும்பத்தோடு அங்கேதான் போகிறார்.