சங்கிலியை விடாதவள்

ஃபென்னாவுக்கு விவரம் தெரிவதற்குள் அவள் பிறந்த வீடு மூன்று தடவை இடிபட்டிருந்தது.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஹாலர்வேன் ஊருக்கு வெளியே, தரிசு நிலத்தில், புல்லோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி, மேலே கொம்புகளைப் போட்டு மூடிய ஒரு பொந்து அது. விடிவதற்குள் கட்டி முடித்து, உள்ளே அடுப்பு மூட்டி, கூரை வழியே புகை எழுந்துவிட்டால் அந்த இடம் கட்டினவனுக்கே சொந்தம் என்று சதுப்பில் கூலிக்கு, காய்ந்தால் விறகுபோல எரியும் எரிமண் வெட்டும் சனங்கள் நம்பினார்கள். நிலம் வைத்திருந்த ஊர்க்காரர்கள் அதை நம்பவில்லை. வைக்கோல் வாரும் கவைக்கோல்களோடு வருவார்கள். சுவரைச் சரிக்க அவர்களுக்கு ஒரு உதை போதும்.

அப்பாவின் தொடையில் ஒருமுறை அந்தக் கவைக்கோல் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் ஒரு பக்கமாகவே நடந்தார். அம்மா வேறு மாதிரி. ஆட்கள் வருவது தெரிந்ததும் அடுப்புத் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நெருப்பு அணையாதவரை வீடு போகவில்லை என்பது அவள் கணக்கு. அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒருவன் சட்டியை எட்டி உதைத்தான். அம்மாவின் பாவாடை எரிந்த நாற்றம், ஈரக் கம்பளியும் தோலும் சேர்ந்து கருகும் நாற்றம், ஃபென்னாவின் மூக்கில் தங்கிவிட்டது. பன்றி மயிர் பொசுக்கும் வீடுகளை அவள் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

பத்து வயது தாண்டியதும் பண்ணை வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு பண்ணைக்காரி பால் வாளியால் அடித்தாள். இன்னொரு பண்ணையில் மாட்டுக்காரன் ஒருவன் வைக்கோல் போரில் அவள் வாயைப் பொத்தினான். அவள் அவன் கையை மட்டும் கடிக்கவில்லை, காதையும் கடித்தாள். வேலை போனது அவளுக்குத்தான். கடைசியில் எக்பெர்ட்டின் சாராயக்கடைக்கு வந்து சேர்ந்தாள். தரை துடைப்பது, குவளை கழுவுவது, சண்டை மூண்டால் நாற்காலிகளை ஓரம் தள்ளுவது எல்லாம் அவள் வேலை. கூலியில் ஒரு காசு வெளியே போகாது. "இந்தப் பொண்ணு காத்தக் குடிச்சு வாழுது" என்று எக்பெர்ட் கேலி செய்வான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. செங்கல் சுவர். உதைத்தால் உதைத்தவன் கால் உடையவேண்டும்.

பக்கத்து நகரமான அஸ்ஸென் வரை ரயில் வந்து சில வருஷம் ஆனபோது, வாய்க்கால் ஓரத்தில் இருந்த ஹார்மின் வீடு ஏலத்துக்கு வந்தது. ஹார்ம் குடித்துக் குடித்தே அதை வங்கிக்குத் தின்னக் கொடுத்தவன். ஆனால் அது அவன் தகப்பன் வீடு, அவன் அண்ணன் லாமெர்ட்டுக்கும் அதுவே தகப்பன் வீடு. லாமெர்ட் பெரிய குடியானவன். அவன் முஷ்டி அதைவிடப் பெரியது. வீடு அவனுக்குத்தான் போகவேண்டும், வேறு யாரும் ஏலத்தில் வாய் திறக்கக்கூடாது என்று ஊர் பேசி முடித்திருந்தது. பேச்சு எட்டாத வெளியூர் மாட்டுத் தரகன் ஒருவன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் வாய்க்கால் கரையில் கிடந்தான், முன்பற்கள் இல்லாமல்.

எங்கள் பக்கத்து ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும். பத்திரம் எழுதும் நோட்டரி பெரிய விலையிலிருந்து தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருவார். யார் முதலில் "எனக்கு" என்று கத்துகிறார்களோ வீடு அவர்களுடையது. அதற்கப்புறம் மறுபேச்சு கிடையாது.

ஏலம் எக்பெர்ட்டின் கடையில்தான் நடந்தது. புகை மண்டிய கூடத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஃபென்னா தட்டில் குவளைகளை வைத்துக்கொண்டு இடையில் போய்வந்தாள். நோட்டரி விலையைச் சொல்லத் தொடங்கினார். யாரும் அசையவில்லை. விலை இறங்கியது. லாமெர்ட் சுங்கானில் புகையிலையை அடைத்துக்கொண்டிருந்தான்.

"லாமெர்ட், இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்றார் நோட்டரி. "எனக்கு ரயிலப் புடிக்கணும்."

"நீங்க பாட்டுக்குச் சொல்லுங்கய்யா. அவசரமென்ன? வேற யாராவது கத்திடுவாங்களா?"

கூடம் சிரித்தது. விலை இன்னும் இறங்கியது. கொட்டகை விலைக்கு வந்தது. அதற்கும் கீழே போனது. லாமெர்ட் சுங்கானைப் பற்றவைத்து, முதல் புகையை இழுக்க வாயை மூடினான்.

"எனக்கு!"

தட்டைக் கீழே வைக்காமலே ஃபென்னா கத்தியிருந்தாள். குவளைகள் ஒன்றோடொன்று மோதி நடுங்கின. நோட்டரி தலையைத் தூக்கிப் பார்த்தார். பேனாவை மையில் தொட்டார்.

லாமெர்ட் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த கனத்த குவளையை எடுத்து எறிந்தான். அது அவள் புருவத்தில் பட்டு உடைந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் துடைக்காமல் நோட்டரியின் மேசைக்கு நடந்தாள்.

"பெயர் சொல்லும்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"குடிசைக்காரி!" லாமெர்ட்டின் குரல் உடைந்திருந்தது. "காகிதத்த வச்சுக்கோ. மே ஒண்ணாந்தேதி குடிவருவல்ல? அன்னிக்கு அந்தச் சங்கிலி யார் கையில இருக்குன்னு பாப்போம்."

அவன் சொன்னது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. அடுப்புக்கு மேலே உத்தரத்திலிருந்து தொங்கும் இரும்புச் சங்கிலிதான் எங்களுக்கு வீடு. அதன் கொக்கியில் பானை ஏறி, அதற்கடியில் நெருப்பு எரியவேண்டும். அந்த நெருப்புக்கு முதல் கங்கைப் பக்கத்து வீட்டுக்காரி தன் அடுப்பிலிருந்து கொண்டுவர வேண்டும். சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் பத்திரத்தை வைத்து மூக்குத்தான் சிந்தலாம்.

மே முதல் நாள் காலையில் ஃபென்னா ஒரு தள்ளுவண்டியில் வைக்கோல் மெத்தை, ஒரு பானை, கொஞ்சம் எரிமண் கட்டிகளோடு வந்தாள். பக்கத்து வீட்டு யான்டீன் வாசலில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். விதவை, நாக்கு அரிவாள் மாதிரி. அவள் வீட்டு நாணல் கூரையும் இந்த வீட்டுக் கூரையும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டிருந்தன.

"யான்டீனக்கா, கங்கு தர்றீங்களா?"

"எங்கடி இருக்கு? என் அடுப்பு அணைஞ்சு கிடக்கு."

அவள் தலைக்கு மேலே புகைபோக்கி நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"லாமெர்ட் என் மாட்டுக்குக் கொட்டகை குடுத்திருக்கான்டி" என்றாள் யான்டீன், கத்தியைப் பார்த்துக்கொண்டு. "போ. கதவ நல்லா சாத்திக்க."

ஃபென்னா தீக்குச்சி கிழித்துத் தானே மூட்டினாள். எரிமண் பிடித்துக்கொள்ள நேரமெடுத்தது. பானையைக் கொக்கியில் மாட்டும்போதே மரச்செருப்புகள் கல்பாதையில் வரும் சத்தம் கேட்டது. ஓரிருவர் இல்லை.

கதவு இரண்டாவது இடியில் விழுந்தது. லாமெர்ட் முன்னால் வந்தான். பின்னால் வந்தவர்கள் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

"கைய எடு."

அவள் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். சங்கிலி அவளோடு வந்தது, உத்தரம் முனகியது. பானை கவிழ்ந்து வெந்நீர் அவன் காலில் கொட்டியது. அவன் ஊளையிட்டுக்கொண்டே ஒரு மரச்செருப்பைக் கழற்றி அவள் விரல்களின்மேல் அடித்தான். சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். மறுபடி அடித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொக்கி முனையை மட்டும் திருப்பி அவன் முகத்தை நோக்கி வீசினாள். அது அவன் கன்னத்தைப் பிளந்துகொண்டு போனது.

"கொல்றாளே! டேய், நெருப்ப அணைங்கடா!"

யாரோ ஒருவன் அடுப்பை உதைத்தான். அணைக்கத்தான் உதைத்தான். தணல் சிதறிப்போய் வைக்கோல் மெத்தையில் விழுந்தது. காய்ந்த வைக்கோல். சுவருக்குள் அடைத்த அலமாரிக் கட்டிலின் திரை பிடித்தது, திரை வழியாக மேலே ஏறியது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே யான்டீன் அலறினாள். "கூரை! அட பாவிங்களா, கூரை பத்திக்கிச்சு! காத்து என் வீட்டுப் பக்கம் அடிக்குது!"

யான்டீன் வீட்டுக்கு அடுத்தது லாமெர்ட்டின் கொட்டகை. அதற்கப்புறம் ஊர் முழுக்க நாணல் கூரைதான். அடிக்க வந்த ஆட்கள் ஒரு நொடியில் வாய்க்காலிலிருந்து வாசல்வரை வரிசையாக நின்றுவிட்டார்கள். வாளிகள் கைமாறின. ஏணிகள் வந்தன. லாமெர்ட் ஏறி, எரியும் நாணலை வெறுங்கையால் பிய்த்து எறிந்தான். ஃபென்னா பக்கத்து ஏணியில் ஏறினாள், உடைந்த கையை மார்போடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் வாளியை வாங்கி அவனிடம் நீட்டினாள். அவன் ஊற்றினான். அடுத்த வாளி. அடுத்தது.

ஒரு தடவை அவன் எட்டிச் சாய்ந்தபோது அவன் முதுகு அவள் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கீழே கல்பாதை. ஒரு தள்ளு போதும். கண்ணில் புருவத்து ரத்தம் மறுபடி வழிந்தது, பழைய காயம் திறந்திருந்தது. அவள் அவன் கழுத்தையே பார்த்தாள். அவன் விழுந்தால் வரிசை கலைந்துவிடும், வாளி நின்றுவிடும், வீடு போய்விடும். அடுத்த வாளியை நீட்டினாள்.

அணைந்தபோது பாதிக் கூரை இல்லை. சுவர் நின்றது. ஆண்கள் கரியாக, தொப்பலாக, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். போகவில்லை. போக முடியாது. எரிகிற வீட்டுக்கு நீர் ஊற்றினவனுக்கு அந்த வீட்டார் ஒரு வாய் ஜெனீவர் சாராயம் ஊற்றவேண்டும். அதைக் குடித்தவன் பிறகு அந்த வீட்டின்மேல் கைவைக்க மாட்டான். குடிக்காமல் போகிறவன் தீ வைத்தவன் என்று எங்களிடம் அர்த்தம். யாரும் அடுத்தவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃபென்னாவிடம் ஊற்ற ஒன்றுமில்லை. அதை அவர்களும் கண்டுகொண்டார்கள். ஒருவன் மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்தான், நழுவப் பார்த்தான்.

"எங்கடா ஓடுற?" யான்டீன் தன் வாசலிலிருந்து வந்தாள். ஒரு கையில் கல்ஜாடி, இன்னொரு கையில் ஒரே ஒரு குவளை. ஃபென்னாவிடம் நீட்டினாள். "இந்தா. கங்கு தரல. இத வச்சுக்க."

"கொட்டகை போயிடுமேக்கா."

"போனா போகுது. மாடு மழைய பாத்ததில்லையா? ஊத்துடி."

ஃபென்னா இடது கையால் ஊற்றினாள். பாதி தரையில் போனது. ஒவ்வொருவனாக வந்து குடித்தான், குவளையைத் திருப்பிக் கொடுத்தான். சிலர் "நல்லா இருக்கட்டும்" என்றார்கள், வாய்க்குள்ளேயே. கடைசியாக லாமெர்ட் நின்றான். கன்னத்துச் சதை தொங்கியது.

"இது எங்கப்பன் வீடு" என்றான்.

"தெரியும்."

"குடிக்க முடியாது."

"சரி, குடிக்காத. தீ வச்சவன்னு சொல்லிட்டுப் போ. சீக்கிரம் சொல்லு, எனக்குக் கை வலிக்குது."

அவன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் வாய்க்காலைப் பார்த்தார்கள். அவன் குவளையை வாங்கி ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டான். பிளந்த கன்னத்தில் சாராயம் பட்டதும் கண்ணில் நீர் முட்டியது. சிவப்பாக ஒரு துளி குவளைக்குள் விழுந்தது.

"கூரைக்கு நாணல் அனுப்புறேன்" என்றான். குடித்தவன் அனுப்பித்தான் ஆகவேண்டும். "உன் மூஞ்சில மட்டும் நான் முழிக்கமாட்டேன்."

"மூஞ்சி எதுக்கு? நாணல் நல்லதா அனுப்பு. போன வருஷத்து மக்கின கட்ட தள்ளிவிட்றாத."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். லாமெர்ட் போனான், ஒற்றை மரச்செருப்போடு நொண்டி நொண்டி.

எல்லோரும் போனபின் யான்டீன் அவளை உடைந்த கதவின்மேல் உட்காரவைத்தாள். விரல்கள் இரண்டு பக்கவாட்டில் திரும்பியிருந்தன. யான்டீன் ஒரு சிராய்த் துண்டையும் கயிறையும் எடுத்துவந்தாள்.

"நேராக்கணும்டி. வலிக்கும். கத்திடு."

"வேண்டாம்."

"ஏன்?"

"பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கிறுக்கி. பக்கத்து வீடு நான்தான்டி" என்று சொல்லிக்கொண்டே யான்டீன் விரலைப் பிடித்து இழுத்தாள்.

ஃபென்னா கத்தினாள். வாய்க்காலின் அந்தக் கரை வரைக்கும் கேட்டது.