கூக்கால் ஏரிக்கு ஒரு படகு

தோணி என்னும் சொல்லை நான் பதிகங்களின் வழியாகவே அறிந்திருந்தேன். பிறவியைக் கடலாகவும் இறைவன் திருவடியை அதைக் கடக்கும் தோணியாகவும் பாடிய பாடல்களைப் பழனியில் இளமை முதல் ஓதி வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் மீன் உண்பதில்லை. அப்படியிருந்தும் மீன்பிடிப் படகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு முற்பகல் முழுவதும் நின்றேன் என்றால், கொடைக்கானல் கடைவீதியில் நான் நடத்திவந்த பூசைப்பொருள் கடையே அதற்குக் காரணம்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. கூக்காலில் பூண்டு பயிரிட்டுவந்த ஒருவர் சந்தைக்கு வரும்போதெல்லாம் மூட்டைகளை என் கடையோரம் இறக்கிவைத்துவிட்டு, திரும்பிச் செல்ல வண்டி கிடைக்கும்வரை அமர்ந்திருப்பார். தம் ஊர் ஏரியில் மீன்பிடிக்கும் குத்தகையும் அவரிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாத கிறித்தவ விடுதிகளுக்கு அந்த ஏரியின் கெண்டை மீன்கள் வந்து சேரும்.

அவ்வாண்டு மார்கழியில் அவருடைய பழைய மரப்படகு நடு ஏரியில் பலகை விட்டு நீர் புகுந்தது. அவருக்கு நீந்தத் தெரியாது. அந்தக் குளிரில் நீரில் இறங்கிப் பழகியவர்கள் மேல்மலையில் அரிது. பனிமூட்டத்தில் கரை எத்திசை என்று புலப்படாமல், ஒரு கையால் நீரை இறைத்தும் மறுகையால் துடுப்பிட்டும் ஒருவாறு நாணற்புதருக்குள் வந்து ஒதுங்கினார். ஏரிக்கு மேலே இருந்த படிவயலில் அவர் மனைவி களையெடுத்துக்கொண்டிருந்தார். கணவர் சொட்டச் சொட்ட நனைந்து வரப்பேறி வந்தபோதுதான், தாம் களை பறித்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரிந்தது. இனி ஏரியில் இறங்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். பல நாள் வாதத்துக்குப் பின் ஒரே ஒரு சலுகை தந்தார்: புதுப்படகு வாங்கலாம், ஆனால் அதைத் தாமே பார்த்து மனம் ஒப்ப வேண்டும்.

ஊரைவிட்டுச் சென்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர், தம்முடைய இரண்டு சிறு படகுகளை விற்கச் சொல்லி மேஸ்திரியிடம் ஒப்படைத்திருந்தார். அந்த மேஸ்திரி எனக்குப் பழக்கமானவர். ஆதலால் கணவன் மனைவி இருவரையும் நானே கொடைக்கானல் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். ஒன்று அலுமினியப் படகு. மற்றது பைபர். அந்தச் சொல்லையே நாங்கள் அன்றுதான் கேட்டோம். கண்ணாடியை நூலாக இழுத்து, துணியாக நெய்து, பசை பூசி இறுக வைத்தது என்று மேஸ்திரி விளக்கினார்.

"கண்ணாடியா?" என்றார் அந்த அம்மாள். "கிளாஸ் டம்ளரு கீழ விழுந்தாலே போச்சு. இதுல ஆளு ஏறுறதா?"

"அது வேற கண்ணாடி தாயி. சுத்தியல வச்சு அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"அடிக்கிறதுக்கா வாங்குறோம்?"

முதலில் அலுமினியப் படகு நீரில் இறங்கியது. இருவரே அதை எளிதாகத் தூக்கிவந்ததைக் கண்டு பூண்டுக்காரர் மகிழ்ந்தார். லாரி நிற்கும் இடத்திலிருந்து கூக்கால் ஏரிவரை படகு தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். ஆனால் அவர் துடுப்புப் போட்டதும் அந்த மகிழ்ச்சி குறைந்தது. துடுப்பு விளிம்பில் பட்ட ஒவ்வொரு முறையும் ஏரி முழுவதும் ஓசை பரவியது. சிறு அலை அடியில் மோதினாலும் படகு அதிர்ந்து ஒலித்தது.

"பால்காரன் கேன உருட்டுற மாதிரியில்ல கெடக்கு," என்று கரைக்கு வந்து சொன்னார். "இத எறக்குனா எங்க ஏரி மீனு அம்புட்டும் பக்கத்தூரு கவுஞ்சிக்குக் குடிபோயிரும்ணே. காலு வேற வெறைச்சுப்போச்சு."

"மீனு போனாப் போகட்டும். நீங்க வந்தாச் சரி," என்றார் மனைவி.

பைபர் படகு கனமானது. நான்கு பேர் தள்ள வேண்டியிருந்தது. நீரில் இறங்கியபின் அதிலிருந்து ஓசையே எழவில்லை. பூண்டுக்காரர் ஒரு சுற்றுப் போய்வந்தார். கரை சேர்ந்தபின்னும் இறங்க மனமின்றி உட்கார்ந்திருந்தார். அம்மாள் சந்தையில் பாத்திரம் பார்ப்பதுபோல இரண்டையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, அலுமினியப் படகைக் காட்டினார்.

"இது தட்டுனா பேசுது. அது பேச மாட்டேங்குது. நெளிஞ்சா தட்டி நிமித்திக்கிடலாம். அதுல உள்ளுக்குள்ள என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒனக்கு எதப் பாத்தாலும் சோத்துப்பானதான்."

"சோத்துப்பான ஒழுகுனா அடுப்புதாங்க அணையும்."

என் கருத்தைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன்; அது உண்மை. கணவரின் முகத்தைப் பார்த்து அம்மாள் மனம் இறங்கினார். "சரி. ஒங்க இஷ்டம். சூடத்தக் காட்டிட்டு வெரசா ஏத்துங்க, லாரி போயிரப்போகுது."

மேல்மலைச் சிற்றூர்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் ஏர், வண்டி, நீர் இறைக்கும் எந்திரம் எதுவாயினும், கற்பூரத்தைத் தட்டில் ஏற்றிக் காட்டுவதில்லை; அந்தப் பொருளின் தலைமீதே வைத்துக் கொளுத்துவார்கள். பொருள் தானே அந்தச் சுடரைத் தாங்கினால்தான் அது வீட்டுப் பொருளாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அம்மாள் படகின் மூக்கில் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, என் கடையில் வாங்கிவந்த கட்டிகளில் பெரிதாக ஒன்றை வைத்துக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடினார். நாங்களும் கைகூப்பினோம்.

நாற்றம்தான் முதலில் எங்களைக் கண் திறக்க வைத்தது. சுடர் மஞ்சளாகி, கரும்புகை கக்கி, கற்பூரம் இருந்த இடத்தைவிட்டு அகன்றுகொண்டிருந்தது. படகின் மேற்பூச்சு கொப்புளித்து வழிந்தது. மேஸ்திரி வாளி நீரை இரண்டு முறை வீசி அணைத்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய பள்ளமும், அதற்குள் துணியின் இழைகளும் தெரிந்தன. கற்பூரம் மிச்சமின்றி எரிவதை அன்புக்கு உவமையாகக் கூறுவோம். அதற்கு அடியில் இருப்பது என்ன ஆகும் என்பதை நான் அதுவரை எண்ணியதில்லை.

"தண்ணியில போற சாமானு, சூடத்துக்கே வேகுது," என்றார் அம்மாள் மெதுவாக.

"இத்தன வருசத்துல எந்தத் தொரையும் இதுக்குச் சூடம் கொளுத்தலயே தாயி. எனக்கு எப்படித் தெரியும்?" மேஸ்திரி சிரிப்பதா வேண்டாமா என்று தயங்கினார். "பசை டின்னு ஒண்ணு மிச்சம் கெடக்கு. பூசி அடைச்சிரலாம். நல்ல படகுதான்."

பூண்டுக்காரர் குனிந்து கருகிய இடத்தைத் தடவினார். "சின்னதுதான. அடைச்சா தெரியாது."

"அடைக்கட்டும். நீங்க ஏரியில பீடி குடிக்கிறத விட்டுருவீங்களா?"

அவர் கை தன்னையறியாமல் காதுக்குப் போயிற்று. அங்கே ஒரு பீடி செருகியிருந்தது. பனியில் விடியுமுன் வலை இழுப்பவருக்கு அதைத் தவிர வேறு வெப்பம் கிடையாது. ஒரு பீடிக்கு அந்தப் படகு பற்றியிருக்காது என்று மேஸ்திரி பின்னாளில் என்னிடம் சொன்னார். அந்த நேரத்தில் அவரும் அதைச் சொல்லவில்லை. பூண்டுக்காரர் அலுமினியப் படகின் ஒரு முனையைத் தாமே பிடித்துத் தூக்கினார்.

மறு ஆண்டு தை மாதத்தில் ஒரு திருவிழாவுக்காகக் கூக்கால் சென்றேன். காலையில் நான் அவர்களுடைய வயலுக்குப் போனபோது அம்மாள் மட்டும் பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே குந்தியிருந்தார். கீழே ஏரி இல்லை, வெண்பனிதான் இருந்தது. அதற்குள்ளிருந்து துடுப்பு அலுமினியத்தில் தட்டும் ஓசை வந்துகொண்டிருந்தது.

"மீன் கிடைக்கிறதா?" என்று கேட்டேன்.

"முன்ன மாதிரி இல்லண்ணே. சத்தத்துக்கு ஓடிருதாம். துடுப்புல சாக்குத்துணியச் சுத்திப் பாத்தாரு. ரெண்டு வாரம் கூடை நெறஞ்சு வந்துச்சு."

"நல்லதுதானே?"

"நாந்தான் அவுத்துப்போட்டேன்." அவர் தலை நிமிரவில்லை. "சண்டை போட்டாரு. பெறகு கட்டுறத விட்டுட்டாரு. இப்ப மதகுப் பக்கம் போறாரு, கேக்குதா?"

எனக்குத் திசை பிடிபடவில்லை. நான் செவிகொடுத்து நின்றபோது ஓசை நின்றது. களைக்கொத்தும் அவர் கையில் நின்றது. பனி சற்றே அசைந்தது, வேறொன்றும் இல்லை. பிறகு ஒரு தட்டல், சிறிது இடைவிட்டு மற்றொன்று. அவர் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.